ஒரு கை பார்த்த ராட்பர்ன்

1884 ஜூலை பிற்பகுதி. அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் உள்ள பிராவிடன்ஸ் நகரத்து பேஸ்பால் கிளப் நிர்வாகிகள் கூடிப் பேசியது ஒரே விஷயத்தைத்தான்: கடையைக் கட்டிவிடலாமா? அணி ஒன்றும் மோசமில்லை. நேஷனல் லீக் பட்டியலில் பாஸ்டனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த அணி. ஆனால் பந்து வீச ஆள் இல்லை. இருந்த இரண்டு முக்கிய பிட்ச்சர்களில் ஒருவர், போதையில் மேனேஜரோடு தகராறு செய்து, ஆட்டத்தின் நடுவே மைதானத்தை விட்டே வெளியேறியவர்; அவரைக் கிளப் விலக்கிவிட்டது. மற்றவரை அதற்குச் சில நாள் முன்புதான் சம்பளம் இல்லாமல் சஸ்பெண்ட் செய்திருந்தார்கள்.

சஸ்பெண்ட் ஆன அந்த ஆள்தான் வழி சொன்னார். மிச்சமுள்ள ஆட்டங்களை நானே வீசுகிறேன், ஆனால் சம்பளத்தைக் கூட்ட வேண்டும், சீசன் முடிந்ததும் ஒப்பந்தக் கட்டிலிருந்து என்னை அவிழ்த்துவிட வேண்டும் என்றார். நிர்வாகிகளுக்கு வேறு வழி இல்லை. ஒப்புக்கொண்டார்கள்.

அவர் பெயர் சார்லஸ் கார்ட்னர் ராட்பர்ன். பட்டப்பெயர் ‘ஓல்ட் ஹாஸ்’, அதாவது கிழட்டுக் குதிரை. அந்த ஒரே சீசனில் அவர் கணக்கில் ஏறிய வெற்றிகள் 60. சில நூல்களில் 59. இந்த ஒன்று எங்கே போனது என்று ஆராய்ச்சியாளர்கள் இன்றும் முட்டிக்கொள்கிறார்கள். அந்தச் சண்டையைப் பிறகு பார்ப்போம். முதலில் ஆளைப் பார்க்கலாம்.

கசாப்புக்கடை வீட்டுப் பிள்ளை

1854 டிசம்பர் 11 அன்று நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டரில் பிறந்தார். பெற்றோர் இங்கிலாந்திலிருந்து குடியேறியவர்கள். குடும்பம் இலினாய் மாநிலத்தின் புளூமிங்டனுக்குப் போனது. அப்பாவுக்கு இறைச்சி வெட்டும் தொழில். மகனும் அதைச் செய்தார். கொஞ்ச காலம் ரயில்வேயில் பிரேக் போடும் வேலையும் பார்த்தார். ஓடும் சரக்கு வண்டியின் கூரை மேல் பெட்டி பெட்டியாகத் தாவிப் போய், கையால் சக்கரத்தைத் திருகி பிரேக் பிடித்த காலம் அது. வருஷா வருஷம் ஆட்கள் கையையும் காலையும், சில சமயம் உயிரையும், பறிகொடுத்த வேலை.

பியோரியா, டுபியூக் என்று சிறிய ஊர் அணிகளில் ஆடிவிட்டு, 1880-ல் பஃபலோ அணிக்கு வந்தார். ஆறே ஆட்டம். தோள் வலி என்று ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். பின்னாளில் ஒரு சீசனில் 678 இன்னிங்ஸுக்கு மேல் வீசப்போகிற தோள் அது என்று பஃபலோக்காரர்கள் கனவில்கூட நினைத்திருக்க மாட்டார்கள். அடுத்த வருஷமே பிராவிடன்ஸ் கிரேஸ் அணி அவரை எடுத்தது: 1881-ல் 25 வெற்றி, 1882-ல் 33, 1883-ல் 48. அந்த 1883 ஜூலை 25 அன்று கிளீவ்லாண்ட் அணியை ஒரு ஹிட்கூட அடிக்கவிடாமல் முடக்கினார்.

1882 ஆகஸ்ட் 17 ஆட்டத்தைச் சொல்லாமல் தாண்ட மனம் வரவில்லை. டெட்ராய்ட்டுக்கு எதிராக 17 இன்னிங்ஸ் முடிந்தும் இரு தரப்பிலும் ஒரு ரன் இல்லை. அன்று ராட்பர்ன் வீசவில்லை, ரைட் ஃபீல்டில் நின்றுகொண்டிருந்தார். 18-வது இன்னிங்ஸில் மட்டையோடு வந்து ஒரு ஹோம் ரன் அடித்தார். ஆட்டம் 1-0. பதினெட்டு இன்னிங்ஸையும் தனியாளாக வீசி முடித்தவர் ஜான் மான்ட்கோமரி வார்டு. இந்த வார்டு பின்னால் சட்டம் படித்து, ஆட்டக்காரர்களுக்குச் சங்கம் கட்டி, முதலாளிகளுக்குப் பெரிய தலைவலி ஆனார். அவரும் இந்தக் கதையில் திரும்ப வருவார்.

அன்றைய ஆட்டம் வேறு

கிரிக்கெட் பார்த்துப் பழகிய நமக்கு பேஸ்பாலின் அடிப்படை எளிதாகப் பிடிபடும். ஒருவர் வீசுகிறார், ஒருவர் அடிக்கிறார். மூன்று பேர் அவுட்டானால் இன்னிங்ஸ் முடிந்தது. அப்படி இரு அணிக்கும் ஒன்பது இன்னிங்ஸ். கிரிக்கெட்டில் இல்லாத ஒன்று, ஒவ்வொரு வெற்றியும் ஒரே ஒரு பிட்ச்சரின் பெயரில் எழுதப்படும், தோல்வியும் அப்படியே. அணி ஜெயித்தது என்பதோடு நிற்காமல், இன்னார் ஜெயித்தார் என்றும் பதிவாகும்.

1884-ன் விதிகள் இன்றைய ரசிகரைத் தலைசுற்ற வைக்கும். பிட்ச்சர் நின்ற இடம் மேடு அல்ல, சமதரையில் கோடு போட்ட ஒரு கட்டம். கட்டத்தின் முன்கோட்டிலிருந்து பேட்டர் நிற்கும் தட்டுக்கு 50 அடி. கட்டத்துக்குள் ஓடி வந்து எறியலாம். கையைத் தோளுக்கு மேல் தூக்கி எறிய நேஷனல் லீக் முழு அனுமதி தந்ததே அந்த ஆண்டுதான். பேட்டருக்கும் ஒரு சலுகை: மேலே வேண்டும், கீழே வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்கலாம், கேட்ட உயரத்தில் வந்தால்தான் அம்பயர் ஸ்ட்ரைக் (பேட்டரை அவுட்டாக்கச் சேரும் குறி) கொடுப்பார். இன்று நான்கு தவறான பந்துக்கு ஓசியில் கிடைக்கும் முதல் பேஸ் (ரன் ஓடும் பாதையின் முதல் நிறுத்தம்), அன்று ஆறு பந்துக்குத்தான். பந்து உடம்பில் பட்டால்? ஒன்றும் கிடையாது, தடவிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

வீசும் பந்தைப் பிடிக்கும் பிராவிடன்ஸ் கேட்ச்சர் பார்னி கில்லிகனின் கையில் இருந்தது விரல்நுனி வெட்டிய மெல்லிய தோல் கையுறை. ஒரே பந்தைக் கிழியும்வரை ஆடுவார்கள். நாலைந்து இன்னிங்ஸ் போனால் அழுக்கேறிப் பஞ்சாகிவிடும். மாற்று ஆட்டக்காரர் என்ற பேச்சே இல்லை; காயமோ நோயோ வந்தால் ஒழிய, தொடங்கிய ஒன்பது பேரும் கடைசிவரை நிற்க வேண்டும். பிட்ச்சரை மாற்ற வேண்டுமானால் ஏற்கெனவே மைதானத்தில் நிற்கும் ஒருவரோடு இடம் மாற்றிக்கொள்ள வேண்டும். அதனால்தான் பிட்ச்சர்களை வீசாத நாட்களில் ரைட் ஃபீல்டில் நிறுத்தி வைத்தார்கள். இந்த விதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிராவிடன்ஸின் குடுமி சிக்கியது இதில்தான்.

சார்லி ஸ்வீனி

அந்த சீசனில் ராட்பர்னோடு மாறி மாறி வீசியவர் கலிஃபோர்னியாவிலிருந்து வந்த சார்லி ஸ்வீனி. வயது இருபத்தொன்று. ஜூன் 7 அன்று பாஸ்டனுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 19 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார். ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தில் அதைத் தாண்டி 20 எடுக்க 1986-ல் ரோஜர் கிளெமன்ஸ் வர வேண்டியிருந்தது. இளையவர் கொண்டாடப்பட, மூத்தவர் முகம் சுளித்தார். இருவருக்கும் ஒட்டவே இல்லை.

ஜூலை 16 அன்று பாஸ்டனுக்கு எதிராக ராட்பர்ன் கோபத்தில் கண்டபடி வீசினார், வேண்டுமென்றே தோற்றார் என்று நிர்வாகம் குற்றம் சாட்டி அவரை சஸ்பெண்ட் செய்தது. அடுத்த வாரமே, ஜூலை 22 அன்று, ஸ்வீனியின் கூத்து. பிலடெல்ஃபியாவுக்கு எதிராக முன்னிலையில் இருந்தபோது, மேனேஜர் ஃபிராங்க் பான்கிராஃப்ட் அவரை ரைட் ஃபீல்டுக்குப் போய், ஜோசப் மில்லர் என்ற இளைஞரோடு இடம் மாற்றிக்கொள்ளச் சொன்னார். ‘சைக்ளோன்’ மில்லர் என்பார்கள் அவரை. ஸ்வீனி மறுத்தார், ஏசினார், கிளம்பிப் போய்விட்டார். மாற்று ஆள் இறக்க விதி இல்லை. எட்டுப் பேரோடு ஆடிய பிராவிடன்ஸ் கையிலிருந்த ஆட்டத்தைக் கோட்டைவிட்டது. ஸ்வீனி நேராகப் போட்டி லீகான யூனியன் அசோசியேஷனில் செயின்ட் லூயிஸ் அணிக்குத் தாவிவிட்டார்.

ராட்பர்னின் பேரம் புரிய வேண்டுமானால் இந்தப் போட்டி லீகையும் ‘ரிசர்வ்’ விதியையும் தெரிந்துகொள்ள வேண்டும். 1879-ல் நேஷனல் லீக் முதலாளிகள் தங்களுக்குள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். ஒவ்வொரு கிளப்பும் சில ஆட்டக்காரர்களை ‘ஒதுக்கி’ வைத்துக்கொள்ளலாம். அவர்களை வேறு எந்தக் கிளப்பும் தொடக்கூடாது. ஆரம்பத்தில் ஐந்து பேர், சில ஆண்டுகளில் பதினொரு பேர். ஒப்பந்தம் ஒரு வருஷம்தான், ஆனால் அடுத்த வருஷமும் அதே முதலாளியிடம், அவர் கொடுக்கிற சம்பளத்துக்கு. பிடிக்காவிட்டால் மட்டையைக் கீழே போட்டுவிட்டு ஊருக்குப் போகலாம். செயின்ட் லூயிஸ் பணக்காரர் ஹென்றி லூகாஸ் யூனியன் அசோசியேஷனை நடத்தியபோது இந்த விதியை ஏற்கவில்லை. ராட்பர்னும் அங்கே தாவிவிடுவார் என்ற பயம் பிராவிடன்ஸுக்கு இருந்தது.

ஆகவே, அணிக்காக அள்ளிக் கொடுத்த தியாகி என்று இவரை வர்ணிக்கும் கட்டுரைகளை நான் நம்புவதில்லை. அவர் செய்தது கூலி பேரம். தன்னிடம் இருந்த ஒரே சொத்தான வலது கையை அடகு வைத்து, அந்தக் கட்டிலிருந்து விடுதலை வாங்கப் பார்த்தார். அதனால் அந்தச் சாதனை ஒன்றும் சிறுத்துவிடாது. எனக்கு அது கூடுதலாகவே மதிக்கத் தோன்றுகிறது.

நாற்பத்து மூன்றில் நாற்பது

ஜூலை 23 முதல், பட்டம் உறுதியான செப்டம்பர் கடைசி வாரம்வரை பிராவிடன்ஸ் ஆடியது 43 ஆட்டங்கள். அவற்றில் 40 ஆட்டங்களை ராட்பர்ன் தொடங்கினார், 36-ல் வென்றார். இடையில் அணி தொடர்ந்து 20 ஆட்டங்களை ஜெயித்தது. அதில் 18 அவருடையவை.

கை என்ன ஆகும்? ஆனதைக் கூட இருந்தவர்கள் சொல்லிவைத்திருக்கிறார்கள். காலையில் எழுந்தால் தலை வாரிக்கொள்ள வலது கையைத் தூக்க முடியாது. வெந்நீரில் பிழிந்த துணியைத் தோளில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஆட்டத்துக்கு வெகு நேரம் முன்பே மைதானத்துக்கு வந்துவிடுவார். முதலில் சில அடி தூரத்துக்குப் பந்தைத் தட்டிவிடுவார். முகம் சுருங்கும். பிறகு ஓரிரு அடி பின்னால் போய் மறுபடி. இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வாங்கி, கை சூடேறி, தூரத்திலிருந்து வீசத் தொடங்கும்வரை விடமாட்டார். சக ஆட்டக்காரர்கள் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். பந்து வெகு தூரத்திலிருந்து தட்டை நோக்கிப் பாய்ந்துவிட்டால் அன்றைக்குக் கவலை இல்லை.

சீசன் முடிவில் கணக்கு இப்படி நின்றது: 75 ஆட்டம், அதில் தொடங்கியது 73. தொடங்கிய 73-ஐயும் அவரே முடித்தார். 678⅔ இன்னிங்ஸ், 441 ஸ்ட்ரைக் அவுட், 12 தோல்வி, 11 ஆட்டங்களில் எதிரணிக்கு ஒரு ரன்கூட இல்லை. ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் விட்டுக்கொடுத்த ரன் சராசரி, ஃபீல்டர்களின் பிழையால் வந்தவற்றை நீக்கிவிட்டால், 1.38. வெற்றி, ஸ்ட்ரைக் அவுட், சராசரி மூன்றிலும் லீகில் முதலிடம். பிராவிடன்ஸ் 84-28 என்று முடித்து, பாஸ்டனைப் பத்தரை ஆட்ட இடைவெளியில் பின்தள்ளிப் பட்டம் வென்றது.

இந்த எண்களில் என்னை நிறுத்திவைப்பது 678⅔. ஒவ்வொரு அவுட்டும் இன்னிங்ஸில் மூன்றில் ஒரு பங்கு என்பதால், பெருக்கிப் பார்த்தால் 2,036 அவுட். ஒரு வேகப்பந்து வீச்சாளரை ஒவ்வொரு டெஸ்டிலும் இரண்டு முனையிலிருந்தும் வீசச் சொன்னதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். 2023-ல் அமெரிக்கப் பெரிய லீக்குகளில் அதிக இன்னிங்ஸ் வீசிய லோகன் வெப்பின் கணக்கு 216.

ஆனால் ராட்பர்னை மட்டும் அதிசயப் பிறவியாக்கிவிடவும் கூடாது. அவருக்கு ஐந்து ஆண்டு முன்பே சின்சினாட்டியின் வில் வைட் 680 இன்னிங்ஸ் வீசியிருக்கிறார். அதே 1884-ல் பாஸ்டனின் சார்லி பஃபின்டனுக்கு 48 வெற்றி, பஃபலோவின் பட் கேல்வினுக்கு 46, இன்னொரு பெரிய லீகான அமெரிக்கன் அசோசியேஷனில் லூயிவில் அணியின் கை ஹெக்கருக்கு 52. ஒரு அணிக்கு இரண்டு பிட்ச்சர் இருந்தால் ஆடம்பரம் என்ற காலம். முழு வேகத்தில் எல்லாப் பந்தையும் வீச வேண்டிய அவசியம் இல்லாததால் அது ஓரளவு சாத்தியமும் ஆனது. அப்படியிருந்தும், அந்தக் கூட்டத்திலும் 60-ஐத் தொட்டவர் வேறு யாரும் இல்லை.

அக்டோபரில் அமெரிக்கன் அசோசியேஷன் சாம்பியனான நியூயார்க் மெட்ரோபாலிட்டன்ஸோடு போலோ கிரவுண்ட்ஸில் மூன்று ஆட்டத் தொடர். 23, 24, 25 ஆகிய மூன்று நாளும் ராட்பர்னே வீசினார், மூன்றிலும் வெற்றி. மொத்தம் 22 இன்னிங்ஸ், தன் வீச்சால் விட்ட ரன் பூஜ்யம். முதல் இரண்டு ஆட்டத்தில் எதிரணிக்கு வீசித் தோற்ற டிம் கீஃப், மூன்றாவது ஆட்டத்துக்கு அம்பயராக நின்றார் என்பது அந்தக் காலத்து வேடிக்கை.

59-ஆ, 60-ஆ?

இனி அந்தச் சண்டை. ஜூலை 28, பிலடெல்ஃபியா. சைக்ளோன் மில்லர் ஆட்டத்தைத் தொடங்கி ஐந்து இன்னிங்ஸ் வீசினார். பிராவிடன்ஸ் 7-4 என்று முன்னிலை. பிறகு ராட்பர்ன் பந்தை வாங்கி, கடைசி நான்கு இன்னிங்ஸில் ஒரு ரன் தரவில்லை. ஆட்டம் 11-4. அன்றைய அதிகாரபூர்வ ஸ்கோரர், சிறப்பாக வீசியவர் ராட்பர்ன்தான் என்று வெற்றியை அவர் பெயரில் எழுதினார். அப்படித் தீர்மானிக்க அவருக்கு உரிமை இருந்தது. 1950-ல் வந்த விதிப்படி பார்த்தால், தொடங்கிய பிட்ச்சர் ஐந்து இன்னிங்ஸ் வீசி, அணி முன்னிலையில் இருக்கும்போது விலகியிருந்து, அந்த முன்னிலை கடைசிவரை நிலைத்திருந்தால் வெற்றி அவருக்கே. அதாவது மில்லருக்கு. புதிய விதியைப் பழைய ஆட்டத்துக்குப் போட்டவர்களுக்கு 59, பழைய தீர்ப்பை அப்படியே விட்டவர்களுக்கு 60. இதனாலேயே அவருடைய மொத்த வெற்றிகளும் சில நூல்களில் 309, சிலவற்றில் 310.

பேஸ்பாலில் எண்ணுகிற பழக்கமே கிரிக்கெட்டிலிருந்து வந்ததுதான். இங்கிலாந்தின் எக்ஸெட்டரில் பிறந்து புரூக்ளினில் வளர்ந்த ஹென்றி சாட்விக், கிரிக்கெட் செய்தி எழுதிக்கொண்டிருந்தவர். அந்த ஸ்கோர் அட்டையின் பாணியில்தான் பேஸ்பாலுக்கும் கட்டம் போட்டார். ஆனால் 1884-ல் பிட்ச்சரின் வெற்றிக்கு உறுதியான விதி எதுவும் இல்லை. நாம் மேலே பார்த்த 1.38 சராசரியைக்கூட ராட்பர்ன் உயிரோடு இருந்தபோது யாரும் அவரிடம் சொல்லியிருக்க முடியாது. நேஷனல் லீக் அந்தச் சராசரியை அதிகாரபூர்வமாக வெளியிடத் தொடங்கியதே 1912-ல்தான். பழைய ஸ்கோர்களைத் தோண்டிப் பிற்காலத்தவர்கள் கணக்கிட்டது அது.

சராசரியைப் பின்னால் கணக்கிடுவது வேறு. ஒரு தீர்ப்பைப் பின்னால் மாற்றுவது வேறு. ரன் ரன்தான், அவுட் அவுட்தான், எந்த வருஷம் உட்கார்ந்து கூட்டினாலும் மாறாது. வெற்றி என்பது ஸ்கோரர் கொடுத்த தீர்ப்பு. அதை 1950 விதியால் திருத்தினால், ஆறு பந்துக்குக் கொடுத்த பேஸை நான்கு பந்துக்கு ஏன் திருத்தவில்லை? மேலே, கீழே என்று பேட்டர் கேட்டு வாங்கிய ஸ்ட்ரைக்கை என்ன செய்வது? மறுபக்கத்திலும் நியாயம் இருக்கிறது: மில்லரின் பெயரில் இருக்கும் வெற்றிகளே கொஞ்சம், அதில் ஒன்று மலைபோல் குவித்தவரின் கணக்குக்குப் போய்விட்டது. பாவம்தான். ஆனால் என் ஓட்டு 60-க்கு.

பிறகு

விடுதலை கிடைத்ததும் ராட்பர்ன் எங்கும் போகவில்லை. பிராவிடன்ஸிலேயே மறுபடி கையெழுத்துப் போட்டார். 1885-ல் 28 வெற்றி, 21 தோல்வி. அந்த சீசனோடு கிளப்பே மூடப்பட்டது. பாஸ்டனுக்குப் போனார். பழைய கை திரும்பவே இல்லை. 1886-ல் 27 வெற்றிக்கு 31 தோல்வி, 1888-ல் 7-க்கு 16.

ஆளின் குணம் மட்டும் மாறவில்லை. 1886 சீசன் தொடக்க நாளில் பாஸ்டன், நியூயார்க் அணிகள் சேர்ந்து எடுத்துக்கொண்ட குழுப்படத்தில், பின்வரிசையில் நிற்கும் ராட்பர்ன் நடுவிரலை நீட்டிக்கொண்டு நிற்கிறார். அந்த அசிங்கமான சைகை பதிவான முதல் புகைப்படம் இதுதான் என்று சொல்லப்படுகிறது. அடுத்த ஆண்டு சிகரெட் பெட்டியில் வந்த அவருடைய படத்திலும் இடுப்பில் வைத்த கையில் அதே விரல்.

1890-ல் பழைய தோழர் வார்டு தலைமையில் ஆட்டக்காரர்கள் ரிசர்வ் விதியை எதிர்த்துச் சொந்தமாக ‘பிளேயர்ஸ் லீக்’ தொடங்கினார்கள். ராட்பர்ன் அதில் பாஸ்டனுக்காக இறங்கி 27 வெற்றி, 12 தோல்வி என்று ஜொலித்தார். அணி பட்டமும் வென்றது. லீக் ஒரே ஆண்டில் கவிழ்ந்தது. 1891-ல் சின்சினாட்டியில் 11 வெற்றியோடு ஓய்வு. ரிசர்வ் விதியோ 1970-களின் நடுவரை ஆட்டக்காரர்களின் கழுத்தில் கிடந்தது.

புளூமிங்டனுக்குத் திரும்பி, பில்லியர்ட்ஸ் மேசையோடு ஒரு மதுக்கடை நடத்தினார். வேட்டைக்குப் போன இடத்தில் துப்பாக்கி வெடித்து ஒரு கண் போனது, முகம் சிதைந்தது. அதன்பிறகு வந்தவர்கள் கண்ணில் படாமல் கடையின் பின்னறையிலேயே ஒதுங்கிக்கொண்டார். மேகநோயும் சேர்ந்து உடம்பை அரித்தது. 1897 பிப்ரவரி 5 அன்று இறந்தபோது வயது 42. ஸ்வீனியின் முடிவும் நல்லதாக இல்லை: சான் ஃபிரான்சிஸ்கோ மதுக்கடையில் ஒருவரைச் சுட்டுக் கொன்று சிறை போய், 1902-ல் காசநோயில் இறந்தார்.

1939-ல் கூப்பர்ஸ்டவுனில் உள்ள பேஸ்பால் ஹால் ஆஃப் ஃபேமில் ராட்பர்னைச் சேர்த்தார்கள். அங்குள்ள அவருடைய நினைவுப் பலகையில் 59-ம் இல்லை, 60-ம் இல்லை. அவர் ஓய்வு பெற்ற இரண்டாவது ஆண்டே, 1893-ல், பிட்ச்சருக்கும் தட்டுக்கும் இடையிலான தூரம் 60 அடி 6 அங்குலம் ஆனது. 1901-க்குப் பிறகு ஒரு சீசனில் அதிகம் வென்றவர் ஜாக் செஸ்ப்ரோ, 1904-ல் 41. கடைசியாக 30-ஐத் தாண்டியவர் டென்னி மக்லெய்ன், 1968-ல் 31. இப்போது ஒருவர் 20-ஐத் தொட்டாலே தலைப்புச் செய்தி.